பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு கால் மணி நேரம்

“பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது இணையதளம் இருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: “எதற்கு?” பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும். பிள்ளை எந்நேரமும் வீடியோ பார்க்கிறது, அந்த இடத்தில் நல்லதாக ஒன்றை வைத்துவிட்டால் போதும் என்பதுதான் பலரது எண்ணம். மருந்துக்கடைக்குப் போய் “நல்ல மருந்தாக ஒன்று கொடுங்கள்” என்று கேட்பதைப் போன்றது அது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். மகளுக்கு ஆறு வயதானபோது, கண்ணில் பட்ட பரிந்துரைகளையெல்லாம் வாசித்து, டேப்லெட்டில் இருபதுக்கும் மேற்பட்ட செயலிகளை நிறைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவள் திரும்பத் திரும்பத் திறந்தது ஒன்றே ஒன்றைத்தான். அதுவும் பலூன் உடைக்கும் விளையாட்டு. மற்றவை தூசி படிந்த அலமாரி மாதிரி அப்படியே கிடந்தன. ஆகவே இங்கே நீளமான பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர் எந்த வரிசையில் போகலாம், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பெயர்கள் வழியில் வரும்.

முதலில் ஒரு தாள்

வீட்டில் இப்போது உண்மையாகவே என்ன தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ‘அறிவு வளர’ என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

- தூங்கும்போது கதை வேண்டும். வீட்டில் இருக்கும் புத்தகங்கள் தீர்ந்துவிட்டன.
- பெரியவளுக்குப் பின்னம் புரியவில்லை.
- அறுந்த பல்லி வால் ஏன் துடிக்கிறது என்று கேட்கிறான், எனக்கும் தெரியவில்லை.
- சின்னவனுக்கு இரண்டு வயதாகிறது. பேச்சு சரியாக வரவில்லை.

நான்கும் நான்கு விதம். முதலாவது, நீங்களும் பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டியது. இரண்டாவதைப் பிள்ளை தானே செய்து பார்க்க வேண்டும். மூன்றாவதை இருவருமாகத் தேடலாம். நான்காவதில் பிள்ளைக்குத் திரையில் வேலையே இல்லை. தேட வேண்டியவர் நீங்கள். ஒரு தேவைக்கு ஒரு தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதாமல் போனால்தான் இரண்டாவது.

கருவியைச் சரிசெய்தல்

சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும். பிள்ளைக்கென்று தனிக் கணக்கு உருவாக்குங்கள். ஆண்ட்ராய்டு கருவியில் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோன் அல்லது ஐபேடில் அமைப்புகளுக்குள் இருக்கும் ஸ்கிரீன் டைம். இரண்டும் இலவசம். உள்ளே போனால் ஏராளமான தெரிவுகள் இருக்கும். முதல் நாளில் மூன்றை மட்டும் பாருங்கள்: பணம் கட்ட உங்கள் கடவுச்சொல் தேவை, புதிய செயலிக்கு உங்கள் அனுமதி தேவை, இரவில் இத்தனை மணிக்குமேல் திறக்காது. மீதியை வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கு தொடங்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்கும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பலர் இங்கே பொய் சொல்கிறார்கள். பல தளங்கள் பதின்மூன்று வயதை எல்லையாக வைத்திருப்பதற்குக் காரணம், 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம். பதின்மூன்றுக்குக் கீழே உள்ள பிள்ளையின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்கிறது அது. எட்டு வயதுப் பிள்ளையை இருபது வயதுக்காரராகப் பதிந்தால், அந்தக் காவல் முழுவதையும் நம் கையாலேயே கழற்றி வைத்ததாகிவிடும். அதன்பின் அந்தக் கணக்குக்கு வரும் விளம்பரங்களும் பரிந்துரைகளும் இருபது வயதுக்காரருக்கானவை. ‘ஏன் இப்படியெல்லாம் வருகிறது’ என்று கேட்டுப் பயனில்லை.

கால் மணி நேரச் சோதனை

எந்தச் செயலியானாலும், எவ்வளவு புகழ்பெற்ற தளமானாலும், முதலில் நீங்கள் தனியாக உட்கார்ந்து கால் மணி நேரம் பயன்படுத்துங்கள். மேலோட்டமாகப் புரட்டாமல், பிள்ளை விளையாடுவதைப் போலவே விளையாடுங்கள். வேண்டுமென்றே தவறான விடை கொடுங்கள். கண்ட இடத்தையெல்லாம் தட்டுங்கள். பிள்ளைகள் அப்படித்தான் தட்டுவார்கள்.

என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தவறான விடைக்கு வெறும் ‘டொய்ங்’ ஓசை மட்டும் வருகிறதா, எங்கே தவறினோம் என்று காட்டுகிறதா? விளம்பரத்தின் மூடும் பொத்தான் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறதா? முகம் தெரியாதவர்கள் பிள்ளைக்குச் செய்தி அனுப்ப வழி இருக்கிறதா? ‘நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும்’ என்று மிரட்டுகிறதா?

எல்லாவற்றிலும் முக்கியமாக, அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஒரு கதை முடிந்தால் திரை அமைதியாக நிற்கிறதா, மூன்று எண்ணுவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்குகிறதா? என்னைப் பொறுத்தவரை நல்ல தளத்துக்கும் மோசமான தளத்துக்கும் வேறுபாடு இந்தக் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். பிள்ளையிடமிருந்து போனை வாங்கும்போது வரும் அழுகையில் பாதி, முடிவே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட செயலிகளால் வருவது. அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இலவசம் என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பாருங்கள். ஒரு கணக்குச் செயலி ஏழு நாள் இலவசம் என்றது. கார்டு எண்ணைக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பிடிக்காமல் செயலியை நீக்கினேன். அடுத்த மாதக் கணக்கறிக்கையில் முழு ஆண்டுக்கான சந்தா பிடிக்கப்பட்டிருந்தது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் உங்கள் கணக்கின் சந்தாக்கள் பகுதிக்குப் போய், அங்கே ரத்து செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம்.

சோதனைக்கு நேரமே இல்லையென்றால் காமன் சென்ஸ் மீடியா என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் தளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள். 2003 முதல் இயங்குகிறது. செயலி, விளையாட்டு, திரைப்படம், புத்தகம் ஒவ்வொன்றும் எந்த வயதுக்கு ஏற்றது, வன்முறையோ வாங்கத் தூண்டுவதோ எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர்கள் சொல்லும் வயதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; உங்கள் பிள்ளை எதற்குப் பயப்படும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கதை வேண்டுமென்றால்

தமிழ் வாசிக்கும் வீடுகளுக்கு என் முதல் பரிந்துரை ஸ்டோரிவீவர். குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய கதைத் தளம் இது. பல மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன, தமிழிலும் நிறையக் கிடைக்கின்றன. கதைகள் திறந்த உரிமத்தில் வெளியாவதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களைச் சொல்லிவிட்டு அச்சிட்டுக்கொள்ளலாம், பள்ளியில் பகிரலாம், வேறு மொழிக்கு மாற்றலாம். எதற்கும் கட்டணமில்லை.

நுழைந்ததும் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு நிலை. நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலையில் ஒரு பக்கத்துக்கு ஒரு படமும் ஓரிரு சிறு வரிகளும்தான்; நான்காம் நிலை தங்குதடையின்றி வாசிக்கும் பிள்ளைக்கு. நீங்கள் வாசித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் பிள்ளையின் நிலைக்கு ஒன்று மேலே எடுங்கள். பிள்ளையே எழுத்துக்கூட்டி வாசிக்கப் போகிறது என்றால் ஒன்று கீழே. வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எளிய புத்தகம் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. ஒரு புத்தகத்தை முழுதாக முடித்த மகிழ்ச்சிதான் அடுத்ததை எடுக்க வைக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. யார் வேண்டுமானாலும் எழுதவும் மொழிபெயர்க்கவும் முடிகிற இடம் என்பதால் தமிழின் தரம் ஒரே சீராக இருக்காது. சில கதைகளில் சொற்றொடர் கல்லில் இடறுவது போல இடறும். கதைகள் சிறியவை, முன்னதாக ஒரு முறை வாசித்துவிட்டால் தெரிந்துவிடும். இடறும் வரியை வாசிக்கும்போதே வாயால் திருத்திக்கொள்ளுங்கள். இன்னும் துணிந்தால், வேற்றுமொழிக் கதை ஒன்றை நீங்களே தமிழாக்கிப் போடலாம். எங்கள் வீட்டில் அதைச் செய்தோம். ‘குண்டான’ என்று நான் எழுதியதை மகள் ‘கொழுகொழு’ என்று மாற்றச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.

சற்றுப் பெரிய பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டுப் பழக லிப்ரிவாக்ஸ் இருக்கிறது: காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் 2005 முதல் வாசித்துப் பதிவுசெய்கிறார்கள். குரல்களில் அருமையானவையும் உண்டு, தூங்க வைப்பவையும் உண்டு. உறங்கும் நேரத்துக்குத் தேடுகிறவருக்கு இரண்டாவதும் பயன்தான்.

பின்னம், மின்சுற்று, தலைகீழ்ப் பூனை

பாடத்தில் எங்கோ இடறும் பிள்ளைக்கு இரண்டு வகை உதவி தேவைப்படும்: விளக்கமும் பயிற்சியும் ஒன்று, கையால் செய்து பார்ப்பது மற்றொன்று. விளக்கத்துக்கும் பயிற்சிக்கும் கான் அகாடமி. ஒருவர் உறவுக்காரப் பிள்ளைக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் தொடங்கி, 2008இல் லாப நோக்கமற்ற அமைப்பாக ஆனது. இதில் புதியவர்கள் செய்யும் தவறு, பிள்ளை படிக்கும் வகுப்பையே தேர்ந்தெடுப்பது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியவில்லை என்றால் சிக்கல் மூன்றாம் வகுப்பில் இருக்கக்கூடும். அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டு முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு இதே அமைப்பின் கான் அகாடமி கிட்ஸ் செயலி தனியாக இருக்கிறது. விளம்பரமும் இல்லை, சந்தாவும் இல்லை.

செய்து பார்க்க, ஃபெட். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் தொடங்கிய திட்டம். கணக்கையும் அறிவியலையும் திரையில் இழுத்து மாற்றிச் செய்து பார்க்கும் மாதிரிகள் இதில் இருக்கின்றன. உலாவியிலேயே ஓடும், கணக்கு தொடங்கத் தேவையில்லை, சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பின்னத்துக்கான பகுதியில் வட்டத்தை எத்தனை துண்டாக்குவது என்பதைப் பிள்ளையே கூட்டிக் குறைக்கலாம். நான்கில் மூன்று துண்டை எடுத்து வைத்தால் பக்கத்தில் எண்ணும் மாறும். எண்ணை மாற்றினால் படமும் மாறும். வாயால் பத்து முறை சொன்னாலும் ஏறாத ‘கீழே இருக்கும் எண் பெரிதாகப் பெரிதாகத் துண்டு சிறிதாகும்’ என்பது இங்கே இரண்டு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

மின்சுற்றுப் பகுதியை ஒரு முறை அருகில் உட்கார்ந்து பாருங்கள். மின்கலம், கம்பி, விளக்கு மூன்றையும் இழுத்துப் போட்டு இணைத்தால் நீலப் புள்ளிகள் நகரத் தொடங்கும், விளக்கு எரியும். எந்தப் பிள்ளையும் அதோடு விடாது. விளக்கை எடுத்துவிட்டு மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைக்கும். உடனே மின்கலத்தில் தீப்பற்றும். அலறல், சிரிப்பு, மறுபடியும் அதே. குறுக்கிடாதீர்கள். சுவரில் இருக்கும் பிளக்கில் எதையும் நுழைக்கக் கூடாது என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் அமையாது.

கணினி நிரல் எழுதுவதற்கு ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து 2007இல் வந்தது. எட்டு முதல் பதினாறு வயதுக்கென்று வடிவமைக்கப்பட்டது. வாசிக்கத் தெரியாத ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், அதில் சொற்களுக்குப் பதில் படக்குறிகள். ஸ்கிராட்சைத் திறந்தால் ஒரு பூனை நிற்கும். வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக மாட்டி அதை நடக்க வைக்க வேண்டும். பத்து அடி நட, ஓயாமல் செய், விளிம்பில் மோதினால் திரும்பு. மூன்றையும் பச்சைக் கொடி போட்ட தொடக்கக் கட்டையின்கீழ் மாட்டி, கொடியை அழுத்தினால் பூனை வலப்பக்கம் ஓடும், விளிம்பில் மோதும், திரும்பும், தலைகீழாகத் திரும்பும். கூரையில் நடப்பதுபோல் கால்கள் மேலே இருக்க, இடப்பக்கம் ஓடும்.

எல்லாப் பிள்ளைகளும் இங்கே நின்று சிரிப்பார்கள், பிறகு எரிச்சலடைவார்கள். திருத்தும் வழி அருகிலேயே இருக்கிறது: சுழலும் முறையை ‘இடம்-வலம்’ என்று மாற்றும் கட்டை. அதைச் சொல்லிவிடாதீர்கள். என் மகளுக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிரலாக்கத்தில் பிள்ளை கற்க வேண்டியது அந்த இரண்டு மாலைகளில்தான் இருக்கிறது.

ஸ்கிராட்சைக் கணக்கு இல்லாமலே பயன்படுத்தலாம். கணக்கு தொடங்கினால் படைப்புகளைப் பிறருடன் பகிரலாம், மற்றவர்கள் கருத்து எழுதுவார்கள். தொடக்கத்தில் அது தேவையில்லை. கோப்பைக் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இதே வரிசையில் இன்னும் சில. செடியையோ பூச்சியையோ போன் கேமராவில் காட்டினால் பெயர் சொல்லும் சீக் செயலி. பதிவு செய்யாமலே பயன்படுத்தலாம். இரவு வானத்துக்கு ஸ்டெல்லேரியம். தாளம், சுருதி, ஒலியலைகளோடு விளையாட குரோம் மியூசிக் லேப். மூன்றையும் சோதித்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்தது சீக், காரணம் அதைப் பயன்படுத்த வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும்.

பல்லி வாலைத் தேடுவது

பிள்ளை ஏதாவது கேட்டதும் போனை எடுத்துவிடாதீர்கள். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று ஒரு முறை கேளுங்கள். “வாலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது” என்பான். கெட்டிக்கார ஊகம். பிறகு சேர்ந்து தேடுங்கள், சொற்களை அவனே தட்டச்சு செய்யட்டும். விக்கிப்பீடியாவில் பார்த்தால், பல்லி தன் வாலைத் தானே கழற்றிவிடுகிறது என்பதும், துடிக்கும் வாலை எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது அது தப்பித்துவிடும் என்பதும் தெரியவரும். ஒரே விவரத்தை இரண்டு இடங்களில் சரிபார்க்கும் பழக்கத்தை இப்போதே போட்டுவையுங்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் தவறான விடையையும் சரளமாகச் சொல்லும் காலத்தில் அந்தப் பழக்கம் இன்னும் அவசியம்.

இணைய இணைப்பு சரியில்லாத இடங்களில் இருப்பவர்களுக்குக் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் உதவும். விக்கிப்பீடியாவையே இறக்கி வைத்துக்கொண்டு இணைப்பில்லாமல் வாசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கான ஜிகாம்ப்ரி என்ற பயிற்சித் தொகுப்பையும் நிறுவிவிட்டால் இணைப்பு வேண்டாம். விளம்பரமும் எட்டிப் பார்க்காது.

வீடியோ

தடை போட்டால் நிற்காது என்பது என் அனுபவம். யூடியூப் கிட்ஸ் அமைப்புகளில், பெற்றோர் ஒப்புதல் தந்தவற்றை மட்டும் காட்டு என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கி, நீங்களே பத்துப் பதினைந்து சேனல்களைச் சேர்த்துவிடுங்கள். தேடும் வசதி அணைந்துவிடும். குழந்தைகளுக்கான பிரிவு என்பதால் எல்லாம் பாதுகாப்பு என்று விட்டுவிட முடியாது; பிரபலக் கார்ட்டூன் பாத்திரங்களின் உருவில் வன்முறையும் ஆபாசமும் கலந்த வீடியோக்கள் வடிகட்டிகளைத் தாண்டி வந்தது 2017இல் பெரிய சர்ச்சையானது. திரை, பொது அறையில் இருக்கட்டும். ஹெட்போன் வேண்டாம், காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

பெற்றோர் தங்களுக்காகத் தேடும்போது

இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையின் பேச்சைப் பற்றித் தேடத் தொடங்கினால் பன்னிரண்டு மணிக்குள் உலகின் கொடிய நோய்கள் எல்லாம் வந்து நிற்கும். ஆகவே எங்கே தேடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் ஹெல்தி சில்ட்ரன் தளமும், பிரிட்டனின் பொது சுகாதாரச் சேவைத் தளமும் எளிய ஆங்கிலத்தில் இருக்கும். வளர்ச்சிப் படிகளுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பட்டியல் உண்டு. இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரை. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வது அதில் ஒரு படி. 2022இல் திருத்தியபோது, நான்கில் மூன்று பிள்ளைகளாவது அந்த வயதுக்குள் எட்டக்கூடியவற்றையே படிகளாக வைத்தார்கள். ஆகவே ஒரு படி தவறினால் பீதியடையவும் வேண்டாம், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கவும் வேண்டாம். பட்டியலைக் குறித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பேச்சு தாமதம் என்றால் காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

திரை நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு: இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் நல்லது.

ஏதாவது தவறாக நடந்தால்

பிள்ளை பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதாக வந்து சொன்னால், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது. “என்ன பார்த்தாய், எப்படி வந்தது?” என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் பற்றித் தளத்திலேயே புகார் செய்யுங்கள்.

யாராவது படம் கேட்டு மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மேலும் படம் அனுப்பவிடாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். ஆளைத் தடுத்துவிட்டுக் காவல் துறையிடம் போங்கள். பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் பரவும் என்ற அச்சம் இருந்தால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் கருவியைவிட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி, அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீட்டு எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். இதன் பெயரைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். தேவைப்படும் நாளில் அவர்கள் முதலில் உங்களிடம் வராமலும் போகலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை

முதலில் எழுதிய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பிள்ளையோடு உட்காருங்கள். தீர்ந்த தேவையை அடியுங்கள், அதற்கான செயலியை நீக்குங்கள்; சந்தா இருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள். எதை நீக்குவது என்று பிள்ளையைக் கேளுங்கள். போன முறை என் மகள் கான் அகாடமியைக் காட்டினாள். “பின்னம்தான் தெரிந்துவிட்டதே” என்றாள். தசமம் அடுத்த மாதம் வரப்போகிறது என்று நான் சொல்லவில்லை.